உதறினால் பயம் இறங்கும்

மடவளை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவன், "பயம் மூளைல இல்ல மச்சான், நரம்புலதான் ஈக்கி" என்றான். அதற்குப் பிறகு நான் பத்திரிகை படிக்கவில்லை.

"யாரு சொன்ன?"

"என்ட லைஃப் கோச். சூம்ல கிளாஸ். கடைய உட்டுட்டுப் போறன் எண்டு வாப்பாட்ட சொல்ல முந்தி, கை காலெல்லாம் நல்லா உதறச் சொன்னார். பயம் எறங்கிடுமாம்."

"உதறினியா?"

"ஸ்டோருக்குள்ள, கண்ண மூடிட்டு. உம்மா கண்டுட்டு, ஜின் புடிச்சிட்டு எண்டு பள்ளிவாசல் லெப்பையக் கூட்டி வந்துட்டாங்க."

"பொறகு?"

"அவர் தண்ணி ஓதி மூஞ்சில தெளிச்சிட்டு, 'நீ யாரு, ஒனக்கு என்ன வேணும்' எண்டு கேட்டார். நான் உதறி உதறியே, 'கடை வாணாம், நேர்ஸிங் படிக்கப் போகணும்' எண்டுட்டன்."

"வாப்பா?"

"அந்த எடத்துலயே சரியெண்டார்."

"அப்ப வேல முடிஞ்சே."

"எங்க முடிஞ்ச? அவர் சரியெண்டது ஜின்னுக்கு. ஜின் போயிட்டெண்டு அடுத்த நாளே என்னக் கடையத் தொறக்கச் சொன்னார்."

"கேட்டது நீதான் எண்டு சொல்லேலயா?"

"இண்டைக்கிச் சொல்லத்தான் போறன்" என்றவன், இறங்கவேண்டிய சந்தி நெருங்கியதும் மெதுவாகக் கைகளை உதறத் தொடங்கினான்.