கொமடோருக்கு வழி விடணும்

இல்லீங்க ஐயா, நான் சொல்றது காத்தைப் பத்தி. போட்டியைத் தொடங்கற அந்தக் கொம்பை ஊதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. காலைல தெற்கேர்ந்து அடிச்சுது, இப்ப அணைக்கட்டுப் பக்கமா வருது, இன்னும் கொஞ்ச நேரத்துல எங்கேர்ந்து வரணும்னு அதுக்கே தெரியாது. இந்தக் காத்துல போட்டியா?

சரி, நல்ல காத்துன்னா நல்ல காத்துதான். நீங்க ரொசாரியோலேர்ந்து வந்த நடுவர், அவ்வளவு பெரிய ஆத்துல பாய்ப்படகு விட்டவரு. நான் என்னத்தைக் கண்டேன், எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. இந்த நடுவர் படகு நங்கூரம் போட்டு அசையாம நிக்கும்னாங்க, அதான் ஏறினேன். அசையுதே! இந்தக் கம்பியை நான் விட்டேனா பாருங்க.

சிரிக்காதீங்க. இந்த மாத்தே டீயைக் குடிங்க, ஆறிடப்போவுது. என்ன, நன்றியா? நன்றி சொல்லிட்டா போதும்னு அர்த்தம், ரொசாரியோலயும் அப்படித்தானே? அதெல்லாம் செல்லாது. இன்னொண்ணு ஊத்தறேன், உறிஞ்சிட்டுத் தாங்க. கொம்பு எங்கயும் ஓடிடாது.

ஏற்பாடு பண்ணது யாருன்னா கேக்கறீங்க? நான்தான்! அதான் வேடிக்கை. கோடை ஆரம்பிச்சதுலேர்ந்து போட்டி போட்டின்னு அலைஞ்சவ, இப்ப பக்கத்துல உக்காந்துகிட்டு வேண்டாம் வேண்டாம்ங்கறாளேன்னு பாக்கறீங்க. பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க. உங்க காலடியில அந்த சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கொடி கிடக்குது பாருங்க, அதை ஏத்தினா போட்டி தள்ளிப்போச்சுன்னு அர்த்தம், எல்லாரும் கரைக்குத் திரும்பிடணும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும். ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாக்கூடப் போதும். சாப்பிட்டு, ஃபெர்னெட் சரக்கு ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா இவங்க யாரும் திரும்பப் படகுப் பக்கமே போக மாட்டாங்க, எனக்குத் தெரியும்.

காரணமா? காரணத்துக்கு என்ன பஞ்சம்.

நட்புப் போட்டின்னு பேரு வெக்கவே மூணு கூட்டம் போட்டோம்ங்க. நட்புன்னா அப்புறம் கோப்பை எதுக்குங்கறாரு பல் டாக்டர் குவாலியா. கோப்பை இல்லேன்னா அப்புறம் நட்பு எதுக்குங்கறாரு மருந்துக்கடை லெதெஸ்மா. ரெண்டு பேரும் மூணாவது கூட்டத்துலேர்ந்து பேசிக்கறதில்ல. அங்க கரையில புகை வருதே, அது அவங்க ரெண்டு பேருதான். அடுப்பு ஒண்ணு, கறி சுட ரெண்டு பேரு. ஒருத்தரு சுடறதுக்கு முன்னாடி உப்புப் போடணும்ங்கறாரு, இன்னொருத்தரு சுட்டப்புறம்ங்கறாரு. முடிவா ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு போட்டுட்டாங்க. நீங்க சாப்பிடும்போது தெரியும். படகை வேற ஆளுங்க கையில குடுத்துட்டு அடுப்பைக் காவல் காக்கறாங்கன்னா பாத்துக்குங்க, எது முக்கியம்னு.

என் வீட்டுக்காரரா? அந்தா, நீலப் பாய் போட்ட பல் டாக்டர் படகுல நிக்கறாரே, அவருதான், ஃபாபியான். நான் அந்தப் படகுல ஏன் இல்லேன்னா, இந்தக் கிளப்புல புருஷன் பொண்டாட்டி ஒரே படகுல ஏறக்கூடாது. நெசமாத்தாங்க. ஒரு வருஷம் பல் டாக்டரம்மா, அதான் குவாலியா சம்சாரம், கயித்தை இழு இழுன்னு அவரு கத்தினதுல, நீயே இழுத்துக்கோன்னு சொல்லிட்டு நடு ஏரியில குதிச்சு நீந்திக் கரையேறிப் போயிட்டாங்க. செருப்பைக்கூடக் கழட்டல. அன்னிக்கு ராத்திரியே விதி வந்துடுச்சு. சம்சாரங்களை மாத்தி மாத்தி ஏத்தி விட்டுப் பாத்தாங்க, அதுல வேற ரெண்டு குடும்பம் கெட்டுது. இப்ப பொம்பளைங்க பாதிப் பேரு சாலட் கலக்கறோம். நிம்மதி.

உங்க பொறுமை பெரிசு ஐயா. வேற யாராவது இருந்தா இதுக்குள்ள ஊதியிருப்பாங்க.

விருந்தாளிங்களைப் பாத்தீங்களா? மலைக்கு அந்தப் பக்கத்து ஏரி கிளப். கறுப்புப் பாய், கறுப்புக் கண்ணாடி, கைமுட்டியெல்லாம் நரம்பு. பொறந்தநாள் கேக் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா குத்துச்சண்டைக்காரங்க வந்து நிக்கற மாதிரி இருக்கு. நட்புங்கற வார்த்தையை அவங்க யாரும் காதுல வாங்கல போல. ஃபோன் போட்டுக் கூப்பிட்டவ நான்தான். வருஷா வருஷம் நாங்களே எங்களோட மோதி நாங்களே ஜெயிக்கறோமே, வெளியாளு வந்தா நல்லாருக்குமேன்னு தோணிச்சு. கிளப்புக்கு மருமகளா வந்தவளுக்கு இப்படியெல்லாம் தோணக்கூடாது. சாலட்டோட நிறுத்திக்கணும்.

ஆமா, மருமக. கிளப் தலைவர் அதெல்மோ பெர்த்தொரெல்லோ எங்க மாமனார். தலைவர்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, கொமடோர்னு கூப்பிடணும். அந்தா, அந்தப் பழைய வெள்ளைப் படகு அவரோடது, பொன் எழுத்துல பேரு போட்டிருக்கு பாருங்க, எங்க மாமியார் பேரு, இர்மா. எங்க மாமியார் அதுல ஒரு நாளும் கால் வெச்சதில்ல, புத்திசாலி.

என்னது, மிதவையா? ஹா, கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் கேக்கறாங்க. ஃப்ரிட்ஜ் அளவுக்கு இருக்குல்ல? படகு சுத்தித் திரும்பறதுக்கு அடையாளம் வெக்கற மிதவை எந்த ஊர்ல இவ்வளவு பெரிசா இருக்கும்! நான் கல்யாணமாகி வந்தப்ப பூசணிக்காய் அளவுதான் இருந்துச்சு. அப்புறம் பீப்பாய் ஆச்சு. அப்புறம் ஆரஞ்சு பெயிண்ட் அடிச்சாங்க. போன வருஷம், ஆரஞ்சு போதாது, கண்ணைப் பறிக்கற மஞ்சள் வேணும்னு தீர்மானம். ஒருத்தராவது ஏன்னு கேக்கணுமே! கையைத் தூக்கினாங்க, பெரிசாக்கினாங்க.

படகுத்துறையும் அப்படித்தான். மார்ச்சுல கொமடோர் படகை நேரா கொண்டுவந்து துறையில மோதினாரு. பட்டப்பகல், துளி அலை இல்ல. செயற்குழு அவசரமாக் கூடிச்சு. என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? துறை தப்பான இடத்துல இருக்காம். பிரிச்சு எடுத்து அந்தப் பக்கமா நட்டாங்க. நான் பொய் சொல்லலீங்க, பழைய கம்பத்தோட அடிக்கட்டை இன்னும் தண்ணிக்குள்ள இருக்கு.

நீங்க சிரிக்கறதை நிறுத்திட்டீங்க.

ஆமாங்க. இன்னொண்ணும் இருக்கு, அது உங்க விதிப் புஸ்தகத்துல கிடையாது. கொமடோர் படகு வந்தா மத்தவங்க எல்லாரும் ஒதுங்கணும். அவரு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும், முதல்ல போற முறை யாருதா இருந்தாலும். மரியாதைன்னு சொல்லிக்கறாங்க. மரியாதை பண்ணப் போயி லெதெஸ்மா ஒரு தடவை நாணலுக்குள்ள புகுந்து சாயங்காலம் வரைக்கும் கொசுக்கடியில கிடந்தாரு. ஆனாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்கல. அப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் எங்க மாமா வருஷா வருஷம் ஜெயிக்கறாரு. கோப்பையெல்லாம் எங்க வீட்டுலதான் இருக்கு. துடைக்கறது நான்.

ஏன்னா, அவருக்குக் கண்ணு தெரியாதுங்க.

சுத்தமாத் தெரியாதுன்னு இல்ல. ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரியுமாம், நேரா பாத்தா புகைதான். எம் மூஞ்சி தெரியாது, குரலை வெச்சுத்தான் கண்டுபிடிப்பாரு. அவரு காரை எடுக்காம இருக்கணும்னு மாமியார் சாவியை மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. படகுக்குச் சாவி கிடையாதே, என்ன பண்றது. காத்து கன்னத்துல படறதை வெச்சு ஓட்டறாரு, கயிறு கையில இழுக்கறதை வெச்சு ஓட்டறாரு. கெட்டிக்காரருதான், இல்லேங்கல. ஆனா காத்து கன்னத்துல வந்து சொல்லுமா, எதுத்தாப்புல ஒரு படகு வருதுன்னு?

எல்லாருக்கும் தெரியும். பல் டாக்டருக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், கறிக்கு விறகு போடறவனுக்குத் தெரியும். அந்தக் கறுப்புக் கண்ணாடி போட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவங்க நேரா வருவாங்க. முறை தங்களுதுன்னா வழின்னு ஒரு சத்தம் போடுவாங்க, கிழவரு திருப்பிடுவாருன்னு நினைச்சுக்கிட்டு அதே வேகத்துல வருவாங்க. அவங்க மேல தப்பே கிடையாது.

கத்தாதீங்க ஐயா, தண்ணி மேல குரல் தூரம் போகும். போட்டியை விட்டு அவரை நீக்க வேண்டாம், அப்படி ஏதாவது பண்ணீங்கன்னா அவரு செத்துடுவாரு, நான் அந்த வீட்டுல இருக்க முடியாது. வெளியாளுங்க முன்னாடி எங்கப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை வாயைத் தொறந்தே, அவ்வளவுதான்னு ஃபாபியான் காலைல சொல்லிட்டுத்தான் படகேறினாரு. பயந்தாங்கொள்ளி, எல்லாத்துக்கும் பயப்படுவே, ஏரிக்கும் பயம், எலிக்கும் பயம்னாரு. நெசந்தான், ரெண்டுக்கும் பயம்தான். அதனாலதான் காத்துன்னு சொல்றேன். நீங்களும் காத்துன்னே சொல்லிடுங்க. எந்தக் காத்துன்னு இவங்க யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கற பழக்கம்தான் இல்லையே.

இத்தனை வருஷமா எப்படி ஓட்டினாரா? எவரிஸ்தோ இருந்தாரு. அவரோட படகாளு, வாயாடி. இடது பக்கம் மிதவை அதெல்மோ, வலது பக்கம் குவாலியா வர்றான் அதெல்மோ, திருப்பு திருப்பு, ஆங், போதும்னு கால்பந்து வர்ணனை மாதிரி ஓயாம பேசிக்கிட்டே வருவாரு. கரையில நிக்கறவங்க, இந்த ஆளு வாயே மூட மாட்டானான்னு சிரிப்பாங்க. வாயை மூடியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

அவரு வரலீங்க. குடலிறக்கம். ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு, அங்கயும் நர்ஸுங்களுக்கு வர்ணனை நடக்குதாம்.

தனியா எப்படிப் போவாரு, அந்தப் படகுக்கு ரெண்டு பேரு வேணுமே. ஆளு இருக்கு. பாயோட நிழல்ல, முன்னாடி. தெரியலையா? இந்த பைனாகுலரை வெச்சுப் பாருங்க. தண்ணியில மூழ்காம இருக்கப் போடற மஞ்சள் மிதவைச் சட்டை. சட்டை மட்டும்தான் தெரியும், உள்ள இருக்கறது ரொம்பச் சின்னது.

ரெனாத்தா. எம் பொண்ணு.

எட்டு வயசு முடிஞ்சுது. எட்டு முடிஞ்சா தாத்தாவோட ஒரு போட்டியில போகணும்ங்கறது அந்த வீட்டு வழக்கம், ஃபாபியானும் போனவருதான், அப்ப மாமாவுக்குக் கண்ணு தெரிஞ்சுது. நான் கரையில முட்டை உரிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா, தாத்தா ஒரு விளையாட்டு சொல்லிக் குடுத்திருக்காரும்மான்னு ஓடி வந்தா. எதை எதைப் பாக்கறியோ அதையெல்லாம் சத்தமாச் சொல்லிக்கிட்டே வரணும், இடது பக்கமா வலது பக்கமான்னும் சேத்துச் சொல்லணும், தப்பில்லாம சொன்னா கோப்பை உனக்குன்னாராம். எந்தப் படகுல, எப்பன்னு நான் கேக்கறதுக்குள்ள ஓடிட்டா. முட்டையை வெச்சுட்டுத் துறைக்குப் போய்ப் பாக்கறேன், படகு கிளம்பிடுச்சு. கை காட்டினா. நானும் காட்டினேன், வேற என்ன பண்றது. உங்க படகுதான் கடைசியா நின்னுச்சு, ஏறிட்டேன்.

கொம்பைக் கீழ வெச்சுட்டீங்க. வெச்சே இருங்க.

புத்தி உள்ள பிள்ளைதான் ஐயா. கண்ணு அப்படி ஒரு கண்ணு, அந்தக் கரையில மேயற மாட்டோட கொம்பை எண்ணிச் சொல்லுவா. பயமும் கிடையாது, அது அவங்கப்பா வழி. இடது வலதுதான் இன்னும் வரல. கோயில்ல சிலுவை போடறதுக்கு எந்தக் கையைத் தூக்கணும்னு முதல்ல என் கையைப் பாப்பா, பாத்துட்டுத்தான் தூக்குவா. சிஸ்டருங்க திட்டுவாங்கன்னு நானும் அவ பாக்கற மாதிரி மெதுவாத் தூக்குவேன்.

இவ்வளவு தூரத்துல என் கை அவளுக்குத் தெரியாதுங்களே.