கேசி அழித்த விடை

எனது பெயர் ஹிலரி ப்ராட்வெல். வயது 46. கிரிம்ஸ்பி, ஆல்டர் தெரு, 19ஆம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். ஹார்ன்பீம் சாலைத் தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடமாக ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். யாரும் வற்புறுத்தாமல் விசாரணை அதிகாரியிடம் இதைச் சொல்கிறேன்.

தேசியத் தேர்வின் ஆங்கில இலக்கணத் தாளில் ஒரே சொல்லை மூன்று வாக்கியங்களில் கொடுத்து, அது எதில் பெயர், எதில் வினை, எதில் பெயரடை என்று எழுதச் சொல்வார்கள். விளக்கும் லைட், அதைப் பற்றவைப்பதும் லைட், கனமில்லாத பையும் லைட் என்றால் பிள்ளைகள் திண்டாடிப் போவார்கள். ஆகவே வகுப்பில் கைஜாடை பழக்கியிருந்தேன். மூடிய கை என்றால் பெயர். நடக்கும் இரண்டு விரல் வினை. மேசையைத் தடவும் உள்ளங்கை பெயரடை. வகுப்பில் அது தவறில்லை. தேர்வறையில் அதைச் செய்யக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் என் வகுப்பின் மதிப்பெண் மிகவும் குறைந்து, தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கடிந்து காரணம் கேட்டிருந்தார். அந்தப் பயத்தில் செய்தேன்.

கடந்த மே மாதம் 13ஆம் தேதி காலை தேர்வு நடந்தது. நான் வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே முதல் வாக்கியத்துக்காகக் கையை மூடிக் காட்டினேன். கேசி பர்ட் என்ற பதினோரு வயது மாணவி அதற்குள் மூன்றாவது வாக்கியத்துக்குப் போயிருந்தாள். பெயரடை என்று சரியாகவே எழுதியிருந்தாள். என் கையைப் பார்த்ததும், அது மூன்றாவதற்குத்தான் என்று நினைத்து, ரப்பரால் விடையை அழித்துவிட்டுப் பெயர் என்று எழுதினாள்.

அதன் பிறகு, சொல்லாமல் சோதனைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த நகர கவுன்சிலின் கல்வி அதிகாரி அம்மையார் அவளிடம் வந்து, "ஏம்மா, எதப் பாத்து அழிச்சே?" என்று கேட்டார். கேசி என்னைப் பார்த்தாள். பிறகு, "முன்னாடி இருக்கிறவங்க பேப்பர எட்டிப் பாத்தேன், மிஸ்" என்றாள். அவள் எட்டிப் பார்க்கவில்லை. என் கை அப்போதும் மூடியே இருந்தது. அப்படியே அடுத்த வரிசைக்கு நடந்தேன்.

அதன் பிறகு அவளுடைய தாள் ரத்தானது. ஆறாம் வகுப்பின் கடைசிச் சுற்றுலாவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். மைதானத்தில் பிள்ளைகள், "ஏய் கேசி, ரொம்ப எட்டிப் பாக்காத, கழுத்து சுளுக்கிக்கும்" என்று கேலி செய்தார்கள். அன்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. தேநீர்க் கோப்பையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு 17ஆம் தேதி மாலை, அவளுடைய தாயார் ஷெல்லி, மீன் ஆலை உடுப்பைக்கூட மாற்றாமல் மகளை அழைத்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். "மிஸ், நீங்க இவ்ளோ பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. இவ உங்க மானத்த வாங்கிட்டா. ஏன்டி செஞ்சேன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறா. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து, "பிள்ளைங்கன்னா அப்படித்தான், ஷெல்லி. நான் எதையும் மனசுல வச்சுக்கல" என்று சொன்னேன். கேசி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவை யாவும் நடந்தபடியே நான் சொன்னவை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ஹிலரி ப்ராட்வெல்