தொண்ணூற்றேழு காட்டிய விரல்

முட்டையைக் கழுவிவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து கிடையாது, மேடம். ஓட்டின் மேல் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பால் பாக்கெட்டையும் சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவேன். கொரோனா வந்து ஊரே செய்ததை நான் அதற்கு முன்பிருந்தே செய்துகொண்டிருந்தேன். அதனால் கூட இருந்த பசங்க எனக்கு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் தலைவலி, வயிற்றுவலி என்றால் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டாவது அலை வந்த வருடம் நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். புதுப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். கீழே ஹால், சமையல்கட்டு. மொட்டைமாடியில் குளியலறையோடு ஓர் அறை.

அந்த வருடம் செய்முறைத் தேர்வுக்காகக் கல்லூரியைக் கொஞ்ச நாள் திறந்தார்கள். வாசலிலேயே நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பார்கள். சூடு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தேர்வு போய்விடும். பசங்க பஸ் ஏறும்போதே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருவார்கள். மாத்திரை மட்டும் போதாது, எதிரே இருக்கும் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனால் எந்தக் கருவியும் வாயைத் திறக்காது என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் தேர்வு எழுதினார்கள். யாரும் என்னைத் தப்பாகப் பேசவில்லை. பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜோஷ்வாவுக்கு இந்த ஜாக்கிரதை எதுவும் கிடையாது. சித்தாமூர் பக்கத்துப் பையன். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போய்க் கூட்டத்தில் நிற்பான். திரும்பி வந்து கை கழுவாமல் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால், "வுடு டாக்டரு, கடல் காத்துல கிருமி நிக்குமா" என்று சிரிப்பான். அவனைப் பிடிக்காதவர்கள் தெருவிலேயே கிடையாது. எனக்கும் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முழு ஊரடங்கு என்றதும் மற்ற இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜோஷ்வாவின் ஊரில் சிக்னல் கிடைக்காது, ப்ராஜெக்ட் அனுப்ப வேண்டும் என்று அவன் இருந்துவிட்டான். நான் இருந்ததற்குக் காரணம் வேலை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேரச் சொல்லியிருந்தார்கள். ஊரடங்கிலும் ஓடிய கம்பெனி. செங்கல்பட்டு ஜங்ஷனிலிருந்து அவர்களே பஸ் விட்டார்கள். நோய் இருக்கும் வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது, சொன்ன திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஆளே அதுவரை கிடையாது.

அதற்கு முந்தைய வாரம்தான் ஜோஷ்வாவுக்குக் காய்ச்சல் வந்தது. மணமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் நோய் வந்த ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் தகரம் வந்தால் என் வேலை போச்சு. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தில் தலைதெறிக்க ஓடுகிறவன் இல்லை நான். தனிமைப்படுத்தத்தானே அரசாங்கமும் சொன்னது. அவனை மாடி அறைக்கு அனுப்பினேன். காய்ச்சல் வேகத்தில் கீழே இறங்கி வந்து ஃபிரிட்ஜைத் தொட்டான், அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். நேரத்துக்குக் கபசுரக் குடிநீர், இட்லி, நொச்சி போட்டு ஆவி பிடிக்க வெந்நீர் எல்லாம் ஜன்னல் திட்டில் வைத்துவிடுவேன். பெற்ற தாய்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று பிறகு தெருவில் சொன்னார்கள்.

காலையில் காய்ச்சல் கணக்கெடுக்க கவியா என்று ஒரு பெண் வருவாள். அவளும் செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறவள்தான், தற்காலிக வேலை. வெயிலில் முகத்துக்கு மேல் கண்ணாடித் தாளை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள், பாவம்.

"அண்ணா, வூட்ல எத்தினி பேரு கீறீங்க? காய்ச்சல், சளி எதுனா கீதா?"

"ரெண்டு பேரும்மா. நல்லாத்தான் கீறோம்."

"மேல யாரோ இருமுறாப்புல கீதே?"

"தூசு தட்டிகினு கீறான்மா."

அவள் ஒரு நிமிடம் மாடியைப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அவள் தெருமுனையில் திரும்பும்போதே நான் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவேன். பழைய மோட்டார், சத்தம் காதைப் பிளக்கும்.

ஜோஷ்வாவின் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சாவுச் செய்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் உடம்பு தேறும். அவன் அம்மா காசியம்மாளுக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. பஸ் ஓடாததால் அவரால் வர முடியவில்லை. எனக்குப் போன் செய்வார். "நைனா, எம்புள்ள சாப்ட்டானா? மூச்சு எவ்ளோ காட்டுது? நீதான் நைனா பாத்துக்கணும்" என்பார். என்னிடம் ஆக்சிஜன் மீட்டர் இருந்தது. அவருடையது பட்டன் போன் என்பதால், படம் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்கு அனுப்பச் சொன்னார். அந்தப் பெண் எண்ணைப் படித்துச் சொல்லுவாள்.

முதலில் அவன் விரலில்தான் மாட்டினேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே இடது கையை நீட்டுவான். எண்பத்தெட்டு காட்டியது. அதை அனுப்பினால் அந்த அம்மா என்ன பாடுபட்டிருப்பார், யோசித்துப் பாருங்கள். நூற்றியெட்டு வரும், கூடவே தகரமும் வரும். ஆஸ்பத்திரியிலும் படுக்கை கிடைக்காமல் வாசலில் ஆம்புலன்ஸ்கள் நின்ற நேரம் அது. அதனால் கீழே வந்து மீட்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து என் வலது ஆட்காட்டி விரலில் மாட்டினேன். தொண்ணூற்றேழு. கையோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். மீட்டர் சரியாகத்தான் காட்டியது, மேடம். "மாதா காப்பாத்திட்டா நைனா" என்று போனிலேயே அழுதார். எனக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது. அதன் பிறகு தினமும் அப்படியே அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு ஒரு மாதிரி நீலம் பூத்திருந்தது.

"மச்சான், மூச்சு வுட முடிலடா. நூத்தியெட்டுக்கு ஒரு போன் போடுடா."

மீட்டரை மாட்டிப் பார்த்தேன். எழுபத்து நான்கு.

"தொண்ணூத்தியேழு காட்டுதுடா. பயந்துகினா அப்டித்தான் இருக்கும். குப்புறப் படு, சரியாப் பூடும்."

"நெஜமாவாடா?"

"நான் இன்னாத்துக்குடா உன்கிட்ட பொய் சொல்லப் போறேன்."

"அப்ப சரி மச்சான். நீ சொன்னா சரி."

அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. போய்ப் படுத்துக்கொண்டான். அந்த வருடம் எத்தனையோ பேர் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். இவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான். அதைக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை காலையில் ஜன்னல் திட்டில் பிரெட்டும் தண்ணீரும் வைத்தேன். "சாயந்தரம் வந்துடுவேன்டா" என்றேன். கையை மட்டும் லேசாகத் தூக்கினான். அவன் அம்மாவுக்குப் படம் அனுப்பிவிட்டு செங்கல்பட்டு போய் பஸ் ஏறினேன். கம்பெனி வாசலில் என் நெற்றியில் காய்ச்சல் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அடையாள அட்டை கொடுத்தார்கள், கேன்டீனில் சாம்பார் சாதம் போட்டார்கள். நல்ல கம்பெனி.

சாயங்காலம் வந்து தாழ்ப்பாளை எடுத்தபோது கதவு திறக்கவில்லை. உள்பக்கம் அவன் கதவோடு சாய்ந்து கிடந்தான். தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் உள்ளே போனேன். கதவின் பச்சைப் பெயின்ட் கீழே உரிந்து கிடந்தது. அவன் நகங்களுக்குள்ளும் அந்தப் பச்சை இருந்தது. அதை அப்படியே விடக்கூடாது என்று வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், வலது நடுவிரலில் அவனுக்கு நகமே கிடையாது. சின்ன வயதில் நெல் அடிக்கும் மெஷினில் மாட்டியதாம், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனோடு அத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை. என் கை தெரியும் படங்களெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன. யார் விரலைப் பார்க்கப்போகிறார்கள், எண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, நூற்றியெட்டைக் கூப்பிட்டேன். காலையில்கூட நன்றாக இருந்தான் என்றேன். படமும் இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் தகரம் அடிக்க வந்தார்கள். நான் அதற்கு முன்பே கம்பெனி விடுதிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவன் நினைவு நாள் ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடுவார் காசியம்மாள். கறிக்குழம்பு வைத்து, மகன் மாதிரி பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறுவார். இந்த வருடமும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் புதுப் போன் வாங்கியிருக்கிறாள். பழைய போனில் கிடந்த படங்களை அவரிடம் காட்டியிருக்கிறாள். புள்ளையின் கடைசிப் படம் என்று ஆசையாகப் பார்த்தவர், அதில் நடுவிரலில் நகம் இருப்பதைப் பார்த்திருக்கிறார். எல்லாரும் போன பிறகு என் வலது கையைப் பிடித்து அந்தப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது ஒன் வெரலு."

"ஆமாம்மா" என்றேன்.

கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் கையை விடாமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கட்சீ நேரத்துல எம்புள்ள அவதிப்பட்டானா நைனா?"

"இல்லம்மா, தூக்கத்துலயே பூட்டான்" என்றேன்.

உங்களிடம் புகார் கொடுத்தது அவர்தான் என்று தெரியும். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கத்தில் போனான் என்று சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள் மேடம். அந்த அம்மாவின் ஆறுதலுக்காகச் சொன்னது. அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.