இடது கால் சாக்ஸ்

என் பெயர், வயது, விலாசம் ஆகியவை நான் முதல் நாள் கொடுத்த தாளில் உள்ளபடியே. வீடுகளுக்கு மரத்தரை போடும் காண்டிராக்ட் தொழில் செய்கிறேன். இறந்துபோனவர் என் அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேலை பிடிப்பது, பேரம் பேசுவது, வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான். பலகை அறுப்பது, பொருத்துவது, தேய்ப்பது எல்லாம் மாமா. முதல் நாள் வாக்குமூலத்தில் ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டேன். அக்கா நேற்று ஸ்டேஷனுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு அதை மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த வீட்டில் நீளமான ஒரு ஹாலும் அதன் கடைசியில் ஒரு சின்ன அறையும் உண்டு. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறது. அன்று ஹால் தரைக்கு முதல் கோட் பாலிஷ் அடிக்க வேண்டியிருந்தது. அறையில் ஆணி ஓட்டைகளுக்கு மக்கு வைத்து அடைக்கும் வேலை பாக்கி இருந்தது. பாலிஷ் அடித்த தரை காய அரை நாள் பிடிக்கும். அதுவரை அதில் கால் வைக்கக் கூடாது. அந்த அரை நாள் வீணாகக் கூடாது என்பதற்காக ஒரு ஆள் சாப்பாடு, தண்ணீரோடு உள் அறையிலேயே தங்கிவிடுவதும், இன்னொருவர் அறை வாசலில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே நகர்ந்து தெருவாசல் வரை பாலிஷ் அடித்துக்கொண்டே வெளியே வந்துவிடுவதும் எங்கள் வழக்கம். உள்ளே தங்குவதை ஜெயிலுக்குப் போவது என்று சொல்லிக்கொள்வோம். இதைச் சொன்னபோது அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அது விளையாட்டுப் பேச்சு, அவ்வளவுதான்.

அன்று காலையும் நான், "இன்னிக்கு ஜெயில் யாருக்கு மாமா?" என்றுதான் கேட்டேன். அவர், "எனக்குத்தான். உன்னால ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. நீ போயி அடுத்த வீட்டுப் படிக்கட்டை அளந்துட்டு வா" என்றார். அப்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "நேத்து பூரா அந்த மெஷினோட மல்லுக்கட்டுனா புடிச்சுக்காம என்ன செய்யும்?" என்றார். நானும் அதை நம்பினேன். தரை தேய்க்கும் மெஷினை நாள் முழுக்கப் பிடித்தால் யாருக்கும் தோள் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு அவர் சட்டையைக் கழற்றித் தெருவாசல் பக்கத்து ஆணியில் மாட்டினார். வேலை செய்யும்போது பனியனோடு இருப்பது அவர் பழக்கம். செல்போன் அந்தச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவர் மக்கு டப்பா, சின்ன பிரஷ், மூலை முடுக்குக்குக் கொஞ்சம் பாலிஷ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு அறைக்குள் போனார். நான் ஹாலை அடித்து முடித்துத் தெருவாசலுக்கு வந்தேன். மாமா அறை வாசலில் நின்று தரையைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, தேறிட்ட" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. பின்பு நான் வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினேன். யாராவது உள்ளே வந்து தரையை மிதித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டினேன். அந்தப் பூட்டை உள்ளிருந்து குமிழைத் திருகினால் சாவி இல்லாமலே திறக்கலாம். அதிகாரி அதைத் தாமே திறந்து பார்த்திருக்கிறார்.

நான் படிக்கட்டை அளந்துகொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். "மாமா போனை எடுக்க மாட்டேங்குறாருடா. எங்க இருக்காரு?" என்றாள். உள்ளே மக்கு வைத்துக்கொண்டிருக்கிறார், சாயங்காலம்தான் வெளியே வருவார் என்றேன். "காலைல நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னாரு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாடா" என்றாள். என்னிடம் தோள் என்றவர் அவளிடம் நெஞ்சு என்று சொல்லியிருக்கிறார். நான் அளவு டேப்பைக்கூடச் சுருட்டாமல் கிளம்பினேன்.

முதலில் வெளியில் நின்று ஜன்னலைத் தட்டினேன். குரல் வரவில்லை. அதன் பிறகு கதவைத் திறந்து, காயாத தரைமேல் செருப்போடு ஓடினேன். தரையில் இப்போது இருக்கும் செருப்புத் தடங்கள் எல்லாம் என்னுடையவைதான். மாமா அறை வாசலுக்கு உள்பக்கம் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உடம்பு ஆறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்றும், வலி வந்த உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அதன் பிறகுதான் அக்கா, நான் மாமாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன் என்றும், அதனால்தான் அவரால் வெளியே வர முடியவில்லை என்றும் புகார் கொடுத்தாள். சாவு வீட்டில் என்னை வாசற்படி ஏறவிடவில்லை. எல்லோருக்கும் முன்னால், "எம் புருஷனை அடைச்சு வெச்சுக் கொன்னுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடா வந்த?" என்றாள். நான் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நான் சொல்லாமல் விட்டது இதுதான். மாமாவைத் தூக்கும்போதே அறை வாசலை ஒட்டிய பலகையைப் பார்த்தேன். ஹாலில் நான் அடித்த பாலிஷ் மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் ஓடுகிறது. அந்த ஒரு பலகையில் மட்டும், ஒரு பாதம் அளவு இடத்தில், பிரஷ் கோடுகள் குறுக்கே இருந்தன. அறைக்குள் இருந்தபடி குனிந்து கை நீட்டி அடித்தால்தான் அப்படி வரும். சின்ன பிரஷ் அவர் பக்கத்தில் இருந்தது, முடி காயாமலிருக்க பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். அவர் வலி தாங்காமல் எழுந்து ஹாலில் ஒரு அடி வைத்திருக்கிறார். கால் ஒட்டியிருக்கிறது. காலை உள்ளே எடுத்துக்கொண்டு, குனிந்து அந்தத் தடத்தைச் சரிசெய்துவிட்டு, காயட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். மாமா யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ஆனால் காயாத தரையில் யாராவது கால் வைத்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். "நான் போட்ட தரை ஊரு பூரா கெடக்கு. எங் கால் தடம் ஒரு வீட்லயும் கெடையாது" என்பார். புது வாடிக்கையாளர்களிடம் அதை விளம்பரம் மாதிரி எடுத்துச் சொன்னவன் நான்தான்.

இதைச் சொன்னால் நான் அடைத்து வைக்கவில்லை என்று தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் எழுந்து வந்தார், ஹாலைத் தாண்டினால் தெருவாசல், தரைக்காகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார் என்பதும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். என்மேல் கோபம் என்றால் அவள் வாசலில் நின்று கத்தித் தீர்த்துக்கொள்வாள். போன மனுஷன்மேல் வரும் கோபத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அதனால் பழி என்மேலேயே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் துணிகளைப் போட்டுக் கொடுத்த பையை அக்கா நேற்று பிரித்திருக்கிறாள். இடது கால் சாக்ஸின் அடிப்பக்கம் பாலிஷ் காய்ந்து தகடாக இருந்திருக்கிறது. வலது கால் சாக்ஸில் ஒன்றுமில்லை. காலமெல்லாம் அவர் துணியைத் துவைத்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதிகாரி அதை மேசைமேல் வைத்து என்னிடம் விசாரித்தபோது அக்காவும் எதிரில் இருந்தாள். "ஒத்தக் கால்ல மட்டும் எப்படிடா?" என்று அவளே கேட்டாள். நான் மேலே சொன்ன அத்தனையையும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. சாக்ஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு வீட்லயாவது மிதிச்சுட்டு வந்திருக்கக் கூடாதாடா?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேலே எழுதியிருப்பதை அதிகாரி எனக்கும் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். விசாரணை முடிந்ததும் அந்த இடது கால் சாக்ஸை அக்காவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

(கையெழுத்து)