அதே டிரம்தான், அக்கா

எங்கள் வீட்டில் ஓரகத்திகள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை, டாக்டர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, உங்கள் நோயாளி, அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

சூப்பிலும் ரொட்டியிலும் தூவுகிற மூலிகைத் தூள் எங்கள் குடும்பத் தொழில். கலந்ததும் அக்கா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். அவர் "ம்" என்றால்தான் பொட்டலம் போடும் இயந்திரம் ஓடும். அங்கே வேலை செய்யும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் தராசக்கா. சரக்கறை என் பொறுப்பு. கலந்த தூளை டிரம்மிலிருந்து கிண்ணத்தில் எடுத்துவந்து அவரிடம் நீட்டுவது நான்.

ஒருமுறை தூளில் சேர்க்கிற ஓரிகனோ இலை தீர்ந்துபோனது. அதன் கூடப்பிறந்தது மாதிரி ஓர் இலை உண்டு, மார்ஜோரம். காய்ந்து நொறுங்கிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓரிகனோ நாக்கைச் சுரீரென்று பிடிக்கும். இது இனிப்பாக வழுக்கிப் போகும். அவசரத்தில் அதைப் போட்டுவிட்டேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். "என்னடி இது, மூத்தவளைக் காட்டிட்டு இளையவளைக் கட்டிவச்ச கதையா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். இந்த வீட்டிலிருந்து முதலில் பெண் கேட்டு வந்தது என் கூடப்பிறந்த மூத்தவளைத்தான், டாக்டர். அக்கா அதை நினைத்துச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்தமுறை கிண்ணத்தில் மட்டும் வேண்டுமென்றே மார்ஜோரம் போட்ட தூளை மாற்றி வைத்தேன். "இது அது இல்லையே" என்றார். கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய், நல்ல கலவையை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"இப்ப சரியா இருக்கே. மாத்தினியா?"

"எதை மாத்த? அதே டிரம்தான், அக்கா."

அவர் முகம் ஒருதடவை குழம்ப வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அப்புறம் விட முடியவில்லை. கடைக்கு ஒரு பொட்டலம்கூடத் தப்பாகப் போனதில்லை. அதில் நான் கறார்.

நாக்கு மரத்துவிட்டதோ என்று பயந்து அவர் மிளகாய் சாப்பிடுவதையே விட்டார். நாக்கைச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொண்டார். அடுப்பில் கொதிப்பதைக் கரண்டியில் எடுத்து, "உப்பு இருக்கா பாரு" என்று என்னிடம் நீட்டுவார். இருந்த நாளிலும் இல்லை என்றேன்; இன்னும் அள்ளிப் போடுவார். அவர் கணவர் ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார்.

ஒருநாள் சரக்கறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல ருசி போச்சு. கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதடி, உன்னைத்தான் நம்பறேன்."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அன்று சாயங்காலமும் கிண்ணத்தை மாற்றினேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்குவதில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனாலும் மறதிக்கு மாத்திரை ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றீர்கள். வேண்டாம், டாக்டர். அவர் தலையில் ஒன்றுமில்லை, நாக்கிலும் ஒன்றுமில்லை. எல்லாம் நான் செய்தது.

அவரிடம் மட்டும் நீங்கள் எதுவும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார். நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன்: ஒண்ணுமில்லக்கா, எல்லாம் உங்க மனப்பிரமைதான் என்று. நான் சொன்னால் நம்புவார்.