மாதையன் போட்ட கும்பினிக் கோட்டு

பெயர் தீர்த்தம்மாள். வயது சுமார் நாற்பது. காலஞ்சென்ற மாதையன் மனைவி. தொழில் விவசாயம். இருப்பு சேலம் ஜில்லா, கடத்தூரை அடுத்த ஒட்டுப்பள்ளம் கிராமம். 1939-ம் வருஷம் ஆனி மாதம் ஸ்டேஷனில் ஆஜராகி, சப் இன்ஸ்பெக்டர் விசாரிக்கச் சொன்னது.

நான் மேற்படி கிராமத்தில் என் மகன் சின்னராஜுடன் குடியிருக்கிறேன். பக்கத்து வூட்டில் என் கொழுந்தன் மாரப்பன் இருக்கிறார். எங்கள் குடும்பத்துக்குப் பாத்தியமாக, வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளத்து அதிகாரி ஒருவர் போட்டிருந்த சிவப்புக் கோட்டு ஒன்று உண்டு. திப்பு காலத்துச் சண்டையில் அடிபட்டுக் கிடந்த அந்தத் துரையை என் புருஷனுடைய முன்னோர் கட்டிலில் தூக்கி வந்து பிழைக்க வைத்ததற்காகக் கொடுத்தது என்பார்கள். வூட்டு ஆண்பிள்ளைகள் கல்யாண ஊர்வலத்தில் அதைப் போடுவது வழக்கம். என் புருஷனும் போட்டார். அன்று தீவட்டிப் பொறி விழுந்து இடது கையில் பொத்தலாகி, சிவப்பு நூல் கிடைக்காததால் நான் கறுப்பு நூலில் தைத்தேன்.

போன தை மாதம் குப்புராஜ் என்பவர் பொம்மிடியில் ரயில் இறங்கி எங்கள் ஊருக்கு வந்தார். பெங்களூர் தண்டில், பட்டாளம் இருக்கும் பக்கத்தில், ஒரு துரை பழைய வாள், துப்பாக்கி, பட்டாள உடுப்பு எல்லாம் சேர்த்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பதாகவும், எங்கள் கோட்டைப் படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவதாகவும் சொன்னார். நான் கூடாது என்றேன். அதன் பிறகு நான் ராகி அறுப்புக்குப் போயிருந்த சமயம் மாரப்பன் என் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த வாரமே மாரப்பன் வூட்டில் கிராமபோன் பெட்டி பாடியது.

அதன் பிறகு மாசியில் குப்புராஜ் ஒரு சிவப்புக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். துணி மெலிசு. பொத்தான் எல்லாம் புதுசு. இடது கையில் தையலே இல்லை. இது எங்களது இல்லை என்று சொன்னதற்கு, பெங்களூரில் வெளுத்துச் சீர்செய்தது என்றார். மாரப்பனும், "பழசு புதுசா வந்தா சந்தோசப்படுங்க அண்ணி" என்றார். ஊரில் சொன்னால், பழையதைவிட இதுதான் எடுப்பாக இருக்கிறது என்றார்கள். ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன். கோட்டைக் கொடுத்தாய், கோட்டு வந்துவிட்டது, பிறகு என்ன பிராது என்று ஏட்டு கேட்டார். எழுதவில்லை. மாரப்பன் பெயரை அப்போது நான் சொல்லவும் இல்லை. ஒரே கொழுந்தன் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வைகாசியில் பாலக்கோட்டில் பெண்வூட்டில் என் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் கோட்டைப் போடாதே என்றேன். சித்தப்பா பேச்சைக் கேட்டுப் போட்டுக்கொண்டான். சம்பந்தி கோவிந்தன் சேலத்திலிருந்து பேண்டு வாத்தியம் வைத்திருந்தார். ஊர்வலம் புறப்படும் சமயம் வாத்தியக்காரர்கள் வந்து முன்னால் நின்றார்கள். அவர்கள் போட்டிருந்ததும் என் மகன் போட்டிருந்ததும் ஒரே கோட்டு. அதே துணி, அதே பொத்தான். கூட்டத்தில் ஒருவர், "ஏங்க, மாப்ள ஊதறத எங்க வெச்சுட்டு வந்தாரு?" என்று கேட்டார். பெண்வூட்டுப் பொம்பளைகள் சிரித்தார்கள். மணப்பெண் பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள்.

என் மகன் அந்த இடத்திலேயே கோட்டைக் கழற்றினான். மாரப்பன் அவன் கையைப் பிடித்து, எல்லோரும் கேட்க, "போடுடா, இது எங்கண்ணன் போட்ட கோட்டு, சத்தியமாச் சொல்றேன்" என்றார். என் மகன் வெறும் சட்டையோடு ஊர்வலம் போனான்.

அதன் பிறகு பொம்மிடி ரயில் ஸ்டேஷனில் குப்புராஜைப் பார்த்து நானும் சம்பந்தியும் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தோம். அசல் கோட்டு பெங்களூர் துரையிடம் இருப்பதாக ஒப்புக்கொண்டார். அது இந்த மாகாணத்து எல்லைக்கு வெளியே, உத்தரவு வாங்கித்தான் போக வேண்டும் என்கிறார்கள். அந்தக் கோட்டு என்ன பெறும் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. துரையைக் கேட்க வேண்டியது.

மாரப்பனைச் சாட்சியாகப் போட்டுக்கொள்ளலாமா, உன் புருஷன் உடன்பிறப்பு, குடும்பம் பிரிய வேண்டாம் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். "சாட்சியா வேண்டாங்க சாமி. செத்தவர் பேர்ல பொய்ச் சத்தியம் பண்ணினவரு. குப்புராஜுக்கும் முன்னால அவரைக் கேசுல எதிரியா எழுதுங்க" என்று சொன்னேன். எழுதியிருக்கிறதா என்று அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுதியிருக்கிறது.

முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(இடது பெருவிரல் ரேகை) தீர்த்தம்மாள்