ரட்சகர்த்தாவைக் கொண்டுவரணும்

இல்ல அண்ணே, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. முன்சீட்டுல ரெட்டைப் பின்னலு போட்டு இருக்குதே, அது எனக்க மவளாக்கும். ஜெஸி. அதான் எட்டி எட்டிப் பாக்கேன். பக்கத்துல போய் நிக்கலாம்தான். எனக்க சத்தம் கேட்டா அவ படிச்சதெல்லாம் கொழம்பிப் போவுமாம். அப்பிடி ஒரு உத்தரவு. ஆரு போட்டதா? சுந்தரதாசுன்னு ஒருத்தன். சொல்லுதேன்.

திருவனந்தபுரத்துக்குத்தான். தம்பானூருக்குப் பொறத்த வியாபாரம் படிச்சுக் குடுக்குத ஒரு பள்ளிக்கூடம் உண்டு. காலத்த எழுத்துப் பரீட்ச, உச்சைக்குப் பொறவு இன்டர்வியூ. உள்ள ஏறிப்போட்டா பேங்கிலயோ தோட்டக் கம்பெனியிலயோ அவங்களே வேல வாங்கிக் குடுத்திருவாங்களாம். ஏறல்லன்னா அண்டியாப்பீசுதான், முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போணும். இவளுக்க அக்காமாரு ரெண்டு பேரும் அங்கதான். அதுங்களுக்க கையை நீங்க பாக்கணும் அண்ணே. கொட்டைக்க பாலு பட்டு வெந்து, தோலு உரிஞ்சு, கறுத்து. கோயில்ல எல்லாரும் கையெடுத்து செபிக்கும்பம் அதுங்க ரெண்டும் முந்தானைக்குள்ள கையை வெச்சுக்கிட்டு நிக்கும். இவளுக்க கையி இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு.

படிக்க வெச்ச கதையைக் கேட்டா ஒங்களுக்கு ஓக்காளம் வரும். இந்தச் சுந்தரதாசு, எங்க சபையில உபதேசியாரா இருந்தவருக்க மவன். பி.ஏ. படிச்சுத் தோத்துப்போட்டு பாறசாலச் சந்தைக்க மேலே ஒரு ஓலைக்கூரையில டியூசன் எடுக்கான். இன்டர்வியூவெல்லாம் தனக்கு அத்துப்படின்னான். அத்துப்படி! ஒரு இன்டர்வியூவில ஜெயிச்சிருந்தா அவன் ஏன் எங்க ஊருல கெடக்கான்? அவனுக்குத் தெரிஞ்சது அவனுக்க அப்பன் நடத்துன வேதபாட வகுப்பு ஒண்ணுதான். கேள்வியும் பதிலும் எழுதிக் குடுத்து, ஞாயித்துக்கெழம பள்ளியில வினாவிட ஒப்பிக்கது போல ஒப்பிக்க வெச்சான். பேங்குன்னா என்ன? பேங்குன்னா இன்னது. இவளும் கையைக் கெட்டி, கண்ணச் சொருகி, ஒரே மூச்சு. ஒரு நாளு பதில முடிச்ச கையோட ஆமென்னு சொல்லிப்போட்டா. சிரிக்காதீங்க. நானும் சிரிச்சேன், பொறவுதான் யோசிச்சேன். அங்க போயி கோட்டுப் போட்டவனுவ முன்னால ஆமென்னா?

பின்ன, சிரிக்கப் படிச்சுக் குடுத்தான். பல்லு தெரியாம சிரிக்கணுமாம். எனக்க மவளுக்கு நல்ல பல்லு, அத எதுக்கு மறைக்கணும்? பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா தபால் ஸ்டாம்பு சேத்து வெக்குதேன்னு சொல்லணுமாம். எங்க வீட்டுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடுதாசி போட ஆரு இருக்கா அண்ணே? வந்தது ஒண்ணே ஒண்ணு. நான் ஜெயில்லேருந்து போட்டது. அதுல ஸ்டாம்பா ஒட்டுனானுவ, ஜெயிலு சீலுதான் குத்துனானுவ.

ஆமா, ஜெயில்தான். திருட்டுக் கேசு இல்ல, பயப்படாதீங்க. ஐம்பத்தி நாலுல தமிழ்க்காரங்க ஜாதா போனாங்க இல்லியா, அதுல நானும் போனேன். நெய்யாற்றங்கரையும் தமிழ்நாட்டோட சேரணும்னு சத்தம் போட்டேன். மூணாங்கிளாசு படிச்சவனுக்கு வேற என்ன தெரியும், தொண்டை உண்டு, போட்டேன். அடிச்சானுவ. இந்தா, இந்தத் தோளு இப்பமும் மேலே பொங்காது. வாழக்குலை தூக்கி யாவாரம் செய்யிதவனுக்குத் தோளு போனா என்ன மிச்சம்?

நீங்க ஏறுனது மார்த்தாண்டத்துலதானே? நெனச்சேன். ஒங்களுக்கென்ன, வாற நவம்பர்ல ஒங்க தாலூக்கா மெட்ராசோட போவுது. விளவங்கோடு உண்டு, கல்குளம் உண்டு, எல்லாம் உண்டு, நாங்க மட்டும் இல்ல. எங்க எடத்துக்கும் சேத்துத்தானே சத்தம் போட்டோம், சேத்துத்தானே அடி வாங்குனோம்? கிட்டுனது போதும்னு தலைவருமாரு மாலையப் போட்டுக்கிட்டுப் போயாச்சு. எங்க பக்கத்துல ஒருத்தன் வந்து, எலே, ஒங்க தோளு எப்பிடி இருக்குன்னு கேட்டானா? தூ. மன்னிக்கணும், வெளியதான் துப்புனேன். ஒங்க மேல இல்ல. நீங்க என்ன செய்வீங்க, கோடு அங்க விழுந்துது.

இதைக் கேளுங்க. பரீட்சையில கட்டுர ஒண்ணு எழுதணும், நாட்டுக்க ஒத்துமையைப் பத்தித்தான் வரும்னு சுந்தரதாசு அடிச்சுச் சொன்னான். அவனே எழுதியும் குடுத்தான். பாஷையைச் சொல்லி சண்டைக்கு எறங்குதவங்க வெவரம் கெட்டவங்க, நாட்டுக்கு எதிரிங்க, அப்பிடிப் போவுது. இத இவ வெடியக்காலம் உரக்க ஒப்பிக்கணும். நான் அடுத்த முறியில பாயில கெடந்து கேக்கேன். அந்த வரி வரும்பம் மட்டும் அவ சத்தத்தைக் கொறச்சுக்கிடுவா. நாளாக நாளாக அந்த வரியில கொறைக்காமலே போனா. கெட்டிக்காரிதான்.

கணக்குக்குப் பயமில்ல. லாபம், நட்டம், எல்லாம் அவளுக்கு வெரலு நுனியில. வெலை ஏன் ஏறுதுன்னு ஒரு கேள்வி உண்டு, அதுக்கு அவன் எழுதுன பதிலு ஒரு முழ நீளம். இவ எனக்ககிட்ட வந்து கேட்டா, அப்பா, நெசமா ஏன் ஏறுதுன்னு. மக்கா, நீ அறுப்புப் பண்டிகையில பாத்ததில்லியான்னேன். ஒங்க பக்கத்துக் கோயில்லயும் உண்டுமா? ஓ, நீங்களும் மிஷன் கோயிலுதானா. நல்லதாப் போச்சு. அப்பம் தெரியும், காணிக்க வெச்ச சாதனங்களை ஆராதனை முடிஞ்சு ஏலம் விடுவாங்க. அன்னைக்கு ஒரு பூசணிக்கா. நான் ஒரு வெல சொன்னேன். எனக்க அண்ணன் ராஜையா மேல கேட்டான். அவன் பூசணிக்காய நாக்குல வெக்கமாட்டான், எனக்குக் கிட்டப்பிடாது, அம்புடுதான். விடுவேனா? கண்ணுக்குட்டி வெலைக்கு நான் பூசணிக்காயத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்க வீட்டுக்காரி செல்லபாய் அதை வெட்ட மனசு வராம, அழுகுதவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. வாசியாக்கும் மக்கா, இந்த வீம்புதான் வெலைய ஏத்துததுன்னேன். அதையே அங்கயும் சொல்லுவேங்கா இவ. சுந்தரதாசு நெத்தியில அடிச்சுக்கிட்டான்.

அண்ணங்கிட்டயா? பேச்சு இல்ல. பூசணிக்காய்க்காவ இல்ல, அத விட்டிருப்பேன். போலீசு வந்த அன்னைக்கு அவனுக்க கடையில இருந்த தமிழ்ப் பலகையக் கழட்டி, கவுத்துப் போட்டு, அதுக்க மேல குந்தி இருந்தான். குண்டிக்கு அடியில தமிழு, வாயில மலையாளம். என்னைய வேனுல ஏத்தும்பம் பீடி வலிச்சுக்கிட்டுப் பாத்தான். அவன் செத்தாலும் நான் மண்ணு போடப் போவமாட்டேன்.

மச்சினன் ஒருத்தன் உண்டு, யோசுவா. நெய்யாற்றங்கரையில சர்க்காரு ஆபீசுல குமாஸ்தா. ஸ்டேசன்ல என்னைய இருத்தியிருந்தானுவ, வேற என்னமோ காரியமா அங்க வந்தான். இன்ஸ்பெக்டரு கேட்டாரு, இவன் ஒனக்கு ஆருன்னு. அறியத்தில்ல சாரேன்னான். எனக்க மூஞ்சியப் பாத்து. கோழி கூவல்ல, அது ஒண்ணுதான் கொறை. ஏசுவைத் தெரியாதுன்னு சொன்ன பேதுருவாவது பொறவு அழுதான், இவன் அடுத்த கிறிஸ்துமசுக்கு முறுக்கு கொண்டுவந்தான். வாசல்லயே நாய்க்குப் போட்டேன்.

ஆமா, எல்லார்கிட்டயும் பெணக்கம்தான். பாஸ்டர்கிட்டயும் உண்டு. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு பிரசங்கம் செய்யும்பம் எனக்க பெஞ்சப் பாத்துச் செஞ்சாரு. செல்லபாய் சொல்லுவா, ஒமக்கு பெணக்கமில்லாத ஆளு இனிமேதான் பொறக்கணும்னு.

பாலராமபுரம் தாண்டியாச்சா? இன்னும் கொஞ்சம்தான்.

காரியம் என்னன்னா, போன வருசம் எங்க பக்கத்துப் பய ஒருத்தன் இதே இன்டர்வியூக்குப் போனான். படிப்புல புலி. அப்பன் என்ன செய்யுதாருன்னு கேட்டிருக்கானுவ. இவன் வெள்ளமனசு, அப்பன் தமிழ்ச் சமரத்துல ஜெயில்ல கெடக்காருன்னு பட்டுன்னு சொல்லிப்போட்டான். செரி, நீ போவலாம்னாங்களாம். இப்பம் அவன் கல்லு ஒடைக்கான். ஜெஸிகிட்டயும் அந்தக் கேள்வி வரும், தப்பாது. பேரு தப்பிச் சொன்னாலும் தாலூக்கா ஆபீசுல கேட்டா எனக்க கேசு தெரிஞ்சுபோவும். அந்தக் கேள்விக்கு மட்டும் சுந்தரதாசு பதிலெழுதாம எடம் விட்டிருந்தான். நானே சொன்னேன், அப்பன் மரிச்சுப்போனாருன்னு சொல்லட்டும். செத்தவனுக்க பேர்ல கேசு இல்லியே.

அவ மாட்டேன்னா. அழுதா. எனக்க வாயில அது வராது அப்பான்னா. பின்ன நானே எதிர இருந்து கேள்வி கேட்டேன். ஒனக்க அப்பன் என்ன செய்யுதாரு? சொல்லு மக்கா. ஒனக்க அப்பன் என்ன செய்யுதாரு? வரும், பாதியில நிக்கும். வரும், நிக்கும். கடைசியில தண்ணி போலச் சொன்னா. எனக்க கண்ணப் பாத்து, பல்லு தெரியாம. அப்பம் எனக்கு ஒரு அறப்பு, அருவருப்பு வந்துது அண்ணே. அவ மேலயா, எனக்க மேலயா, அந்தப் பள்ளிக்கூடத்துக்க மேலயா, தெரியாது. எந்திரிச்சுப் போயி வாழைக்குத் தண்ணி கோரினேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம். பொறவாக்கும் ஓர்மை வந்துது, இன்டர்வியூக்கு ரட்சகர்த்தா கூட வரணும்னு சொல்லியிருக்கானுவ. பிள்ளைக்குப் பொறுப்புள்ள ஆளு ஒருத்தரு. எனக்குத் தெரிஞ்ச ரட்சகரு ஒருத்தர்தான், அவரு பஸ்ஸுல வரமாட்டாரு. அம்மையக் கொண்டுபோவலாம், நீங்க சொல்லுதது செரிதான். புருசன் மரிச்சவ கழுத்துல தாலியோட எப்பிடிப் போயி இருப்பா? அவளுக்கு அது வெளங்கி, சொல்லாமலே கழுத்துல கையை வெச்சா. நான் புடிச்சுக்கிட்டேன். அது மட்டும் வேண்டாம்னேன். எனக்குக் கோவத்துல ஒரு அளவு கெடையாது, வெக்கத்துல உண்டு.

அண்ணங்கிட்டப் போய்க் கேக்கவா? யோசுவாகிட்டயா? ஆருகிட்டப் போனாலும் நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சுபோவும், செத்தவன் சந்தையில வாழக்குல விக்கான்னு.

நீங்க சாலைக் கம்போளத்துக்குத்தானே போறிய, ஒங்க கடைக்கு ஜவுளி எடுக்க. கம்போளம் ராத்திரி வரைக்கும் தெறந்துதான் இருக்கும். ஏன் கேக்கேனா?

அவளுக்கு ஒரு மாமன் வேணும். பக்கத்துல நிக்கணும், அம்புடுதான். பேசவேண்டாம், அவ பேசிக்கிடுவா. கேட்டா அம்மைக்க சகோதரன், மார்த்தாண்டத்துல ஜவுளிக்கட வெச்சிருக்கேன்னு சொல்லுங்க, பாதி நெசம்தானே. வெள்ளச் சட்டை, கண்ணாடி, ஒங்கள ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டானுவ. பாறசாலையில ஏறுனதிலேருந்து அவ ரெண்டு மூணு வாட்டி திரும்பி ஒங்களப் பாத்தாளே, கண்டியளா? நான் ஒங்க பக்கத்துல வந்து இருந்ததே அவ கண்ணக் காட்டுனதுக்குப் பொறவுதான். எனக்கு ஆளு தெரியாது அண்ணே, எல்லாரையும் வெறுத்துப் பழகிப்போச்சு. அவளுக்குத் தெரியும். ஒங்ககிட்ட எனக்குப் பெணக்கம் ஒண்ணும் இல்ல, இன்னைக்குத்தானே கண்டோம்.

நானா? நான் எறங்கல்ல. கிழக்கேகோட்ட வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. சாயங்காலம் ஸ்டாண்டுல நிப்பேன், கொண்டுவந்து ஏத்திவிட்டாப் போதும்.

கரமன ஆறு வந்தாச்சு. அந்தா, எந்திரிச்சிட்டா. போங்க அண்ணே, அவளுக்கு முன்னால எறங்குங்க. எறங்குன பொறவு திரும்பி எனக்குக் கையைக் காட்டிப்போடாதீங்க. அவ காட்டமாட்டா. சொல்லிக் குடுத்திருக்கேன்.